மஞ்சள் விரிப்புகள்

டைரக்டர் சிப்ஸ் தின்ற கையை எதில் துடைப்பான் என்பது அவனுக்கே தெரியாது. சட்டையில் துடைப்பான், நாற்காலியில் துடைப்பான், யாராவது அசந்து நின்றால் முதுகில் தட்டிக்கொடுக்கிற சாக்கில் அங்கேயும் துடைப்பான். அன்று காலை, "இங்கேர்ந்து இப்படியே உள்ள போறோம்" என்று கையை நீட்டிக் காட்டியபோது விரல் லென்ஸிலேயே பட்டது. கண்ணாடி நடுவில் எண்ணெய் ரேகை ஒன்று விழுந்தது. ஸ்டாண்டுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டாண்டு என்பது சினிமாக் கல்லூரியில் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். கேமராவைத் தோளில் வைத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினால்தான் கலை என்று கல்லூரியே நம்பிக்கொண்டிருந்தபோது, மூன்று கால் ஸ்டாண்டு வைத்துத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். அந்த ஸ்டாண்டை முதுகில் மாட்டிக்கொண்டு படி ஏறி இறங்குவதைப் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள், ஒட்டிக்கொண்டது. ஆனாலும் ஒளிப்பதிவு என்று வந்தால் அவளை விட்டால் ஆள் இல்லை என்பது டைரக்டருக்கும் தெரியும். அதனால்தான் கடைசி வருடத்துப் பாட்டு வீடியோவுக்கு அவளிடம் வந்து நின்றான்.

பாட்டு உழைப்பாளிகளைப் பற்றியது. வேர்வை என்ற சொல் அதில் பதினொரு தடவை வரும். எழுதிப் பாடியவனோ, மின்விசிறி நின்றால் வகுப்பை விட்டே வெளியே போய்விடுகிறவன். டைரக்டருக்குப் படம் 'ரா'வாக, அதாவது பச்சையாக, இருக்க வேண்டும். சுவர் இடிந்திருந்தால் ரா, ஆள் இளைத்திருந்தால் ரா, பார்க்கிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டால் ரொம்ப ரா. அதற்கு இவன் விடுதி அறையை எடுத்தாலே போதுமே, ஊரெல்லாம் எதற்கு அலைய வேண்டும் என்று ஸ்டாண்டு நினைத்துக்கொண்டாள். நினைத்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "எங்கம்மா வேலை செய்ற இடத்துல கேட்டுப் பாக்கறேன்" என்றாள். அங்கே ஆவி எழும், பெரிய பெரிய இயந்திரங்கள் சுழலும், கூரையிலிருந்து நல்ல வெளிச்சம் இறங்கும். மூன்று வருடமாக அந்த வெளிச்சத்தின் மேல் அவளுக்கு ஒரு கண்.

அம்மா வேலை செய்தது சலவைக்கூடத்தில். நாலைந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும், அறுவைச் சிகிச்சை உடுப்புகளும் அங்கேதான் வரும். முதல் பதிமூன்று வருடம் அம்மா ஈரத்துணி இழுத்தாள். துவைத்து முடிந்த துணியை இயந்திரத்தின் வாயிலிருந்து உருவி வண்டியில் ஏற்றுவது. ஒரு விரிப்பு நனைந்தால் ஒரு குழந்தையின் கனம் கனக்கும். இரண்டு முட்டியும் போன பிறகு, கடந்த ஆறு வருடமாக அவளுக்குச் சரிபார்க்கும் மேசை. கூரையில் பதித்த கண்ணாடிக்கு நேர் கீழே அந்த மேசை இருந்தது. விரிப்பை இரண்டு முனையில் பிடித்துத் தூக்குவாள், ஒரு பார்வை பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் வலப்பக்க வண்டியில் போகும். கறையோ மங்கலோ இருந்தால் இடப்பக்கக் கூடையில் விழும், மறுபடி துவைக்க. அவள் இடப்பக்கம் போட்டால் போட்டதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. யாராவது பேச வந்து மேசை அருகே நின்றால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத" என்பாள். மேலதிகாரிக்கும் அதே பேச்சுதான்.

அந்த மேசை போய்விடுமோ என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். போன மாதம் சூப்பர்வைசர் விளையாட்டாக, "அக்கா, கண்ணாடி மாத்துற நேரம் வந்துருச்சு போலிருக்கே" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் அப்போதே மறந்திருப்பார். அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "இந்தக் கண்ணு இருக்கற வரைக்கும்தான் அந்த மேசை. அதுலேர்ந்து எழுப்பிட்டா திரும்ப ஈரத்துணிதான். இந்த முட்டிய வச்சுக்கிட்டு எத்தன நாளு?" என்று மகளிடம் கேட்டாள். மகள், "உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கேமராப் பையை அடுக்கப் போய்விட்டாள்.

கூடத்துக்கு விடுமுறையான ஒரு நாளில் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை என்று அனுமதி கிடைத்தது. இரண்டு இயந்திரங்களை ஓட்டிக் காட்டவும், மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல் வேலை செய்யவும் அம்மா ஒப்புக்கொண்டாள். மகளின் படம் என்பதால் தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

வந்ததும் வராததுமாக டைரக்டர் அவள் கையைப் பார்த்து முகம் சுளித்தான். "ஆன்ட்டி, உங்க நகம் ரொம்ப சுத்தமா இருக்கே."

"பத்தொம்பது வருஷமா சோப்புத் தண்ணிலதானே தம்பி கெடக்குது. வேற எப்படி இருக்கும்?"

அவன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். காப்பித் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்திருந்தான், நகக்கண்ணில் தடவ. ஸ்டாண்டு அந்த டப்பாவைப் பிடுங்கிக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்தாள். "நகத்துல அழுக்கோட ஒருத்தி ஆஸ்பத்திரித் துணியத் தொட்டா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லு" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்தச் சண்டையில் அவள்தான் ஜெயித்தாள்.

அடுத்ததில் தோற்றாள். டைரக்டர் கிளிசரினும் தண்ணீரும் கலந்த குப்பியை எடுத்து அம்மாவின் நெற்றியில் புஸ் புஸ் என்று அடித்தான். "நான் வேர்க்கலையே தம்பி" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு. "கேமராவுக்கு வேர்க்கணும் ஆன்ட்டி." பசை மாதிரி ஒன்று அம்மாவின் புருவத்திலிருந்து கன்னத்துக்கு வழிந்தது. அம்மா அதைத் துடைக்கக் கையைத் தூக்கி, படத்துக்கு ஆகாதோ என்று மகளைப் பார்த்துவிட்டு, கையை இறக்கிக்கொண்டாள். மகள் குனிந்து கேமரா ஸ்டாண்டின் திருகை முறுக்கினாள், ஏற்கெனவே முறுக்கிய திருகைத்தான்.

பாடகன் பத்தரைக்கு வந்தான். வலப்பக்க வண்டியில் மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளின் மேல், ஷூவோடு, தாவி ஏறி உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டான். "இங்க உக்காந்து பாடினா எப்படி?" என்று வேறு கேட்டான். அவன் இறங்கிய பிறகு அம்மா அந்த அடுக்கு முழுவதையும், மேலே இருந்தது கீழே இருந்தது என்று பார்க்காமல், வாரி இடப்பக்கக் கூடையில் போட்டாள்.

கேமராவை ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. எது வெள்ளை என்று கேமராவுக்குத் தெரியாது, நாம்தான் காட்ட வேண்டும். அதற்கென்றே ஒரு சாம்பல் நிற அட்டை இருக்கிறது. அதைக் காட்டி ஒரு பொத்தானை அழுத்தினால், அதில் எந்தச் சாயமும் இல்லை என்று கேமரா எடுத்துக்கொண்டு, மற்ற நிறங்களையெல்லாம் அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். ஸ்டாண்டு பையைத் துழாவினாள், அட்டை இல்லை. ஜன்னல் திட்டில் இருந்தது. டைரக்டர் அதைத் தட்டாக்கி அதன் மேல் சிப்ஸைக் கொட்டித் தின்றிருந்தான். அட்டை எண்ணெயில் ஊறி, நடுவில் ஒரு நாட்டின் வரைபடம் போல் கறுத்துக் கிடந்தது. மிளகாய்ப் பொடி ஒட்டியிருந்தது. அவளுக்கு அதைத் தொடவே கூசியது.

"வேற எதாவது வெள்ளையாக் காட்டேன்" என்றான் அவன், விரலைச் சூப்பிக்கொண்டே.

வெள்ளைக்கா பஞ்சம்? அம்மா கையில் அப்போதுதான் சரிபார்த்த ஒரு விரிப்பு இருந்தது. உலகத்திலேயே அதைவிட வெள்ளையான பொருள் ஒன்றை ஸ்டாண்டு கண்டதில்லை. சின்ன வயதிலிருந்து வெள்ளை என்றால் அவளுக்கு அதுதான். "அம்மா, அப்படியே தூக்கிப் புடி" என்றாள். அம்மா இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினாள். பெருமையாகவே தூக்கினாள். ஸ்டாண்டு பொத்தானை அழுத்தினாள்.

சலவைக்கூடத்துக்காரி மகளைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

மத்தியானம் வரை அவளுக்கு அது தெரியவில்லை. கேமராவோடு இணைத்திருந்த பெரிய திரையை டைரக்டர் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அவள் பார்த்தது கேமராவின் பின்னாலிருந்த உள்ளங்கை அளவுத் திரையைத்தான், அதிலும் கூர்மை பார்ப்பதற்காக நிறத்தை எடுத்துவிட்டிருந்தாள். சாப்பாட்டு வேளையில் பெரிய திரையைப் பார்த்தபோது முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் மஞ்சளாக இருந்தது. சுவர் மஞ்சள், ஆவி மஞ்சள், அம்மாவின் முகம் காமாலை கண்டவள் மாதிரி. விரிப்புகளோ, மாதக்கணக்கில் நோயாளி படுத்த படுக்கையிலிருந்து உருவியவை மாதிரி. அதில் அம்மாவின் நெற்றிப் பசை வேறு மினுங்கியது.

காரணம் புரிய அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி அலசலில் நீலம் போடுவார்கள். அந்த நீலம்தான் துணியைக் கண்ணுக்கு அத்தனை பளிச்சென்று காட்டுவது. மனுஷக் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். கேமரா எடுத்துக்கொள்ளாது. நீலத்தைக் காட்டி இதுதான் வெள்ளை என்று சொன்னால், அதை ஈடுகட்ட எல்லாவற்றின் மேலும் மஞ்சளை அள்ளிப் பூசும். காலையில் காட்டிய விரிப்பில் நீலம் தூக்கல், பிறகு எடுத்தவற்றில் அத்தனை இல்லை, அதனால் விரிப்புகளும் தப்பவில்லை.

"தப்பாயிடுச்சு. முதல்லேர்ந்து எடுக்கணும்" என்றாள்.

"என்னது தப்பு? இதான் நான் கேட்ட லுக்! பாரு, எவ்வளவு ராவா இருக்கு. பாத்தாலே நாறுது." டைரக்டருக்கு வாயெல்லாம் பல். "வெள்ளையா எடுத்திருந்தா சோப்பு விளம்பரம் மாதிரி இருந்திருக்கும். மிச்சத்தையும் இப்படியே எடு. காலத் தொட்டுக் கும்பிடறேன்."

பாதிக்கு மேல் எடுத்தாகிவிட்டது. நாலு மணிக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு மூலையில் ஈரத்துண்டால் நெற்றிப் பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அது போவேனா என்றது. ஸ்டாண்டு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். மிச்சத்தையும் அப்படியே எடுத்தாள்.

படத்தொகுப்பின்போது ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள், பாதி மஞ்சளையாவது எடுத்துவிடலாமே என்று. டைரக்டர் மாட்டேன் என்றான். ஆசிரியர் வந்து பார்த்தார். நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த நிறம் யாரோட முடிவு?" என்று கேட்டார். டைரக்டர் ஸ்டாண்டைக் கை காட்டினான். "துணிச்சலான தேர்வும்மா. சுத்தம் பண்ற இடத்துலயே அழுக்கக் காட்டியிருக்க. இந்த வருஷம் வெளிய போட்டிக்கு இதான் போகுது." மூன்று வருடத்தில் அவர் யாரையும் அப்படிப் பாராட்டியதில்லை. ஸ்டாண்டு வாயைத் திறந்தாள். "தேங்க்ஸ் சார்" என்றுதான் வந்தது.

கல்லூரி அரங்கத்தில் வீடியோவைப் போட்ட அன்று குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் ஓடத் தொடங்கியதும் முதலில் சிரித்தாள், தன்னைத் தானே திரையில் பார்க்கிற கூச்சத்தில். மேசைக் காட்சி வந்தது. விரிப்பு மெதுவாக எழுந்து, திரை முழுவதும் விரிந்து, மஞ்சளாகத் தொங்கியது. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை கழற்றித் துடைத்தாள். அதற்குள் கைதட்டல் எழுந்தது, ஸ்டாண்டின் பெயர் திரையில் வந்தது, பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "நல்லா எடுத்திருக்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வதை ஸ்டாண்டு பார்த்தாள். காலையில் ஒரு தடவை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. "என்னம்மா?" என்றாள். "தூசி" என்றாள் அம்மா. சாப்பாட்டில் பாதியை ஒதுக்குவதையும் பார்த்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். வாழ்த்துச் சொல்கிறவர்களுக்குப் பதில் எழுதவே அவளுக்கு நேரம் போதவில்லை.

பதினொரு நாள் கழித்துச் சலவைக்கூடத்துக்குப் போனாள். போட்டிக்கு அனுப்ப வேண்டுமானால், படம் எடுத்த இடத்துப் பொறுப்பாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அன்று கூடம் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மேசையில், யாரோ ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா லீவா என்று தேடினாள். அம்மா மூன்றாவது இயந்திரத்தின் முன் குனிந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஈரத்துணியை உருவிக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாம்மா. உங்கம்மாட்ட நீயாச்சும் சொல்லு. நான் எழுப்பல. அவங்களே வந்து, கண்ணு போயிடுச்சு சார், வேற ஆளப் போடுங்கன்னு நின்னாங்க. டாக்டர்ட்ட போங்கன்னா அதுக்கும் போக மாட்டேங்கறாங்க."

ஸ்டாண்டு இயந்திரத்துக்கு ஓடினாள். சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. "யார் சொன்னா உனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு?"

அம்மா விரிப்பை வண்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். நிமிர நேரம் பிடித்தது. "உன் படத்துலதான் பாத்தேனே. வெள்ளைன்னு நான் பாஸ் பண்ணின துணிதானே அது? அங்க பாத்தா மஞ்சளாத் தொங்குது. எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது, கேமராவுல பல்லக் காட்டிடுச்சு. அது எதுக்குப் பொய் சொல்லப் போகுது? அதுவும் நீ எடுத்தது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆபரேஷன் ஆன ஆளெல்லாம் அதுல படுக்கறாங்கடி. எத்தன வருஷமா அழுக்குத் துணிய அனுப்பிட்டு இருந்தேனோ. சோத்துல கை வைக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு."

"அம்மா, துணி வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"என்ன?"

"துணி வெள்ளைதான். தப்பு என்னோடது. வெள்ளை எதுன்னு காட்டறதுக்கு உன் விரிப்பக் காட்டினேன். அதுல நீலம் தூக்கலா இருக்கறத மறந்துட்டேன். அதான் எல்லாத்தையும் மஞ்சளாக்கிடுச்சு."

நீலத்தைப் பற்றி அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் வண்டியிலிருந்த துணியையே பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பாள், அவள்தான் எதையும் நம்புகிறவளாயிற்றே. ஆனால் பூசி மெழுகப் பூசி மெழுக ஸ்டாண்டுக்குத் தன் மேலேயே குமட்டியது. லென்ஸில் பட்ட அந்த எண்ணெய் விரலைவிடத் தன் விரல் அசிங்கமாகத் தோன்றியது.

"அன்னைக்கு மத்தியானமே."

"மத்தியானமே." அம்மா அதைத் திருப்பிச் சொன்னாள், குரலை உயர்த்தாமல். "அப்பறம் அரங்கத்துல என் பக்கத்துலதானே உக்காந்திருந்த? நான் கண்ணாடியத் துடைக்கத் துடைக்கப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? பதினோரு நாளா மருந்து ஊத்தறேன். அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். மேசையில் உட்கார்ந்து துணியைப் பார்ப்பாளே, அதே பார்வை. எந்தப் பக்கம் போட்டாள் என்பதை ஸ்டாண்டு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

"வா" என்றாள் அம்மா. "வந்து சார்ட்ட நீயே சொல்லு. நான் சொன்னா மேசைக்காகச் சொல்றேன்னு நெனப்பாரு."

சூப்பர்வைசர் அறையில் ஸ்டாண்டு முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். சிப்ஸ், அட்டை, நீலம், மத்தியானம், "தேங்க்ஸ் சார்", ஒன்றையும் விடவில்லை. சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, "அப்போ ஊரே கைதட்டிப் பாத்தது பொய்யா?" என்றார்.

"ஆமா சார். நான் எடுத்த பொய்."

அவர் பேனாவை எடுத்தார். "ஏதோ கையெழுத்துன்னு வந்தியே, அந்தப் படிவம் எங்க?"

படிவம் அவள் கையில்தான் இருந்தது. ஈரக் கையில் பிடித்திருந்ததால் ஓரம் நைந்திருந்தது. "வேண்டாம் சார்" என்று சொல்லி அதை நாலாக மடித்தாள். வெளியே வந்து, வாசலருகே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். டைரக்டர் குதிப்பான், ஆசிரியர் ஏன் என்று கேட்பார். அதற்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது, அதை இப்போதுதான் ஒரு தடவை சொல்லிப் பழகியிருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது அந்த இளம்பெண் எழுந்து மேசையை விட்டிருந்தாள். அம்மா உட்கார்ந்துவிட்டாள். ஒரு விரிப்பை இரண்டு முனையில் பிடித்துத் தூக்கினாள், வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள், வலப்பக்கம் போட்டாள். அடுத்ததைத் தூக்கினாள். அதையும் அதிக நேரம் பார்த்தாள். போட்ட பிறகு கையை நீட்டி அதையே மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அம்மா ஒரு துணியை இரண்டு தடவை பார்த்து ஸ்டாண்டு கண்டதில்லை. மேசைக்கு அருகே போய், "அம்மா" என்றாள்.

அம்மா நிமிரவில்லை.

"தள்ளி நில்லு" என்றாள். "வெளிச்சத்த மறைக்கிற."